பதினோரு ஜோடிப் பலகை

எங்கள் வீட்டுக்கும் கிட்டார் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இழைப்புளி ஓடினால் இந்தப் பக்கம் என் தையல் மெஷின் மேலிருக்கும் ஊசி டப்பா கிலுகிலுக்கும். அங்கே செய்கிற ஒவ்வொரு கிட்டாருக்கும் பஞ்சு வைத்து உறை தைத்துக் கொடுப்பது நான்தான், இருபத்திரண்டு வருஷமாக. அதனால் அடுத்த வீட்டு விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். தெரியும், அவ்வளவுதான்.

பட்டறைக்காரி தெருவுக்கே அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் கத்தி. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டாள். என் மகள் கல்யாணத்தன்று, பெண்ணின் உடுப்பில் தோள் தையல் கோணல் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். தைத்தது நான். கோணல்தான், அது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. பூனைக்காது என்று எல்லோரும் கூப்பிடுவோம். கிட்டாரின் முகத்துக்கு வைக்கிற பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிக் கேட்பான். "வலது ஓரத்துல ஒரு தாள் கனம் எடுக்கா" என்பான். அவள் எடுப்பாள். மறுபடி தட்டினால் அந்தப் பலகை எங்கள் சுவரைத் தாண்டிக் கும்மென்று கேட்கும். அவள் கையும் அவன் காதும் சேர்ந்ததுதான் அந்தப் பட்டறை. அவன் ஊரைவிட்டுப் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது.

இந்த மழைக்காலத்தில், விடாமல் கொட்டிய மூன்றாம் நாள் மத்தியானம், அவன் பொண்டாட்டி வந்து நின்றாள். எனக்கு அவளைத் தெரியாது. போன இடத்தில் அவன் கட்டிக்கொண்டவள். ஒரு தோளில் பை, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி பழைய போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்று. ஆள் முழுக்க நனைந்திருந்தாள். போர்வைக்கு மேலே பிளாஸ்டிக் சுற்றியிருந்ததால் அது மட்டும் நனையவில்லை. நான் அப்போது பட்டறையில் ஒரு உறைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி," என்றாள் அக்காவைப் பார்த்து. "நான் உங்க தம்பி வீட்டுல இருந்து வர்றேன்."

அக்கா உளியைக் கீழே வைத்தாள். "அவனுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கார். உயிருக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்த?"

இப்படியா கேட்பது? ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தவளை? நான் எழுந்து போய் அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். "முதல்ல தலையத் துவட்டும்மா. இவ பேச்ச ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடு. நாங்க எல்லாரும் அப்படித்தான் பொழைக்கிறோம்" என்றேன்.

அவள் தலையைத் துவட்டவில்லை. போர்வையைப் பிரித்து உள்ளேயிருந்த ஒரு பலகையை எடுத்து வேலைமேசையில் வைத்தாள். முக்கால் கை நீளம், ஒரு சாண் அகலம், நெருக்கமான நேர்கோட்டு ரேகை. அடிநுனியில் பென்சிலால் ஏழு என்று எழுதியிருந்தது. அது அவர்கள் அப்பாவின் கையெழுத்து. அக்கா அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இந்த இடத்தில் அந்தப் பழைய கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

கிட்டாரின் முகம் ஒரே பலகை இல்லை. ஒரு கட்டையை நடுவே அறுத்து, புத்தகத்தைப் பிரிப்பதுபோல இரண்டாகப் பிரித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டுவார்கள். அப்போதுதான் இடது பக்கத்து ரேகையும் வலது பக்கத்து ரேகையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். அழகுக்கு மட்டும் இல்லை, பலமும் சத்தமும் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். அந்த அப்பா சாகுமுன் நல்ல மரமாகப் பார்த்து அறுத்து, பதினோரு ஜோடி அடுக்கி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

மரம் என்றால் குறை இருக்கும். கணு இருக்கும், புழு அரித்த துளை இருக்கும், காய்ந்த வெடிப்பு இருக்கும். எல்லாவற்றிலும் மோசம் பிசின் பை. ரேகைக்கும் ரேகைக்கும் நடுவில் மரம் தனக்குள் சேர்த்து வைத்த பிசின். மேலே ஒன்றும் தெரியாது. இழைக்க இழைக்கத் திடீரென்று கண் திறக்கும். அப்படி ஒன்று, ஏற்கெனவே உடம்போடு ஒட்டி முடித்த ஒரு கிட்டாரின் முகத்தில் தம்பி கைக்கு அகப்பட்டது. அவன் பிசினைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அதே ரேகையுள்ள மெல்லிய மரச்சிம்பு ஒன்றை இறக்கி ஒட்டி, வார்னிஷ் அடித்துவிட்டான். பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. அக்காவிடமும் சொல்லவில்லை.

வாங்க வந்தவர் ஒரு பாட்டு வாத்தியார். அவர் மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கண்ணில் அது பட்டுவிட்டது. அவள் கண்ணுக்குத் தப்புமா? அவர் கையிலிருந்து கிட்டாரை வாங்கினாள், சின்னக் கத்தியை எடுத்தாள், வார்னிஷைக் கீறி அந்தச் சிம்பை அப்படியே நெம்பி எடுத்துவிட்டாள். "இதுல ஓட்டை இருக்கு. இவன் அடைச்சு மறைச்சிருக்கான். எங்க வீட்டுப் பொருள்ல இப்படி நடக்காது. நடந்திடுச்சு" என்றாள். வாத்தியார் பாவம், "பரவால்லம்மா, சத்தம் நல்லாத்தானே இருக்கு" என்றார். அன்றைக்கு என் கடைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் சரி என்றால், இரண்டு பேரும் சரி. வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது நியாயம். அந்தக் குறையால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் நிஜம். ஒருத்தர் தப்பு என்றால் மன்னிப்புக் கேட்டு முடிந்துபோகும். இரண்டு பேரும் சரியாக இருந்தால் ஆண்டவனாலும் சேர்த்து வைக்க முடியாது.

மூன்றாம் நாள் அவன் கிளம்பினான். அப்பா மரத்தில் பாதி என்னுடையது என்றான். எடுத்துக்கோ என்றாள். பதினோரு ஜோடியில் பாதி எப்படி வரும்? நீ ஆறு எடுத்துக்கோ என்றாள் இவள். எனக்கு ஐந்து போதும், அக்காவை ஏமாற்றினான் என்று பேர் வேண்டாம், நீ ஆறை வைத்துக்கொள் என்றான் அவன். எனக்கு உன் பிச்சை வேண்டாம் என்றாள். ஊர் உலகத்தில் கூடுதலாக வேண்டும் என்று சண்டை போடுவார்கள். இந்த இரண்டும் குறைத்து வேண்டும் என்று சண்டை போட்டது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு ஜோடியையும் பிரித்து ஆளுக்கு ஒரு பலகை எடுத்துக்கொண்டார்கள். மேல் பலகை அவனுக்கு, கீழ்ப் பலகை இவளுக்கு. பதினொன்று, பதினொன்று. கணக்கு நேராகிவிட்டது. ஒரு கிட்டாருக்கும் உதவாமல் போனது மரம். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அன்றைக்கு நான் குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். என் வாய்க்கு என்ன வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு இவள் வேறு மரம் வாங்கித்தான் கிட்டார் செய்தாள். பேரும் குறையவில்லை, வேலையும் குறையவில்லை. ஆனால் பலகையைத் தட்டிவிட்டு ஒரு கணம் நிற்பாள். பக்கத்தில் யாரோ பதில் சொல்லப் போகிற மாதிரி. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்கே அந்த நிறுத்தம் கேட்கும். தட்டல், பிறகு ஒன்றுமில்லை, பிறகு இழைப்புளி. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அது.

அன்றைக்கு மழையில் வந்தவள் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். சின்னப் பெண் இல்லை, நாற்பது இருக்கும். ஒரு துணிக்கடையில் வேலை. நிதானமான பேச்சு.

"அவருக்குத் தெரியாமத்தான் வந்தேன் அண்ணி. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். கட்டிலுக்கு அடியில பதினொண்ணு இருந்துச்சு. மேலாப்புல இருந்தது இது."

"அவன் எப்படி இருக்கான்னு ஒரு தபால் போட்டுக் கேக்காதவ நான். எனக்கு எதுக்கும்மா இத எடுத்துட்டு வந்த?"

"அவருக்குக் காது போயிடுச்சு."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டோமா என்று நானும் அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"முழுசா போகல. பக்கத்துல சத்தமாப் பேசினா கேக்கும். போன்ல கத்தினா கேக்கும். சின்னச் சத்தம்தான் எல்லாம் போயிடுச்சு. மேசை நாற்காலி செய்யற கம்பெனில பத்து வருஷம் பெரிய ரம்பத்துக்கிட்ட நின்னாரு. காதை மூடிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. இவரு மாட்டல. காதை மூடிட்டா மரம் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டாராம். அங்க என்ன அண்ணி மரம் சொல்லுது? எல்லாம் ஒட்டுப்பலகை."

அக்காவின் கை மேசையில் கிடந்த சீவலை எடுத்துச் சுருட்டிச் சுருட்டி விட்டது.

"வேலைய விட்டு எட்டு மாசம் ஆகுது. நான் கடைக்குப் போயிட்டு வந்தா, கட்டிலடியில இருந்து பலகைய எல்லாம் எடுத்துப் பரப்பி உக்காந்திருப்பாரு. தட்டுவாரு. காதுகிட்ட வச்சு தட்டுவாரு. நெத்தில வச்சு தட்டுவாரு. என்னைப் பார்த்ததும், சும்மா தூசி தட்டினேன்னு சொல்லிட்டு உள்ள தள்ளிடுவாரு. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ, அக்காவப் போய்ப் பார்த்துட்டு வரணும்னு சட்டையெல்லாம் தேய்ச்சு வைப்பாரு முன்னாடி. இப்ப அதுவும் இல்ல."

"ஏன்?" என்று நான்தான் கேட்டேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். பிறகு டீயைப் பார்த்தாள். "சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. 'அக்கா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவா. கண்டுபிடிச்சா எல்லார் முன்னாடியும் சொல்லிடுவா'ன்னு சொன்னாரு. அவ்வளவுதான். அதான் வரல."

வழக்கமாக அப்படி யாராவது சொன்னால் அக்கா, ஆமாம், சொல்லத்தான் சொல்லுவேன் என்பாள். அன்று எழுந்து அடுப்படிக்குப் போய், ரொட்டி வாட்டி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினாள். "சாப்பிடு. ராத்திரி இங்கயே இரு" என்றாள். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறினாள். ஐம்பத்தாறு வயசில், ஈர ஏணியில். நான் கீழே பிடித்துக்கொண்டு திட்டினேன். அவள் தன் ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டு ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுடையது பட்டறைப் புகையும் வெளிச்சமும் பட்டுப் பழுத்த நிறம். அவனுடையது கட்டிலடியில் கிடந்து வெளிறிப்போயிருந்தது. அகலத்திலும் ஒரு நூல் வித்தியாசம். வேறு வேறு வீட்டுக் காற்று. ரேகையை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. ஒன்றில் எங்கே நெருங்கியதோ மற்றதிலும் அங்கேதான் நெருங்கியது.

அக்கா இரண்டையும் மெல்ல ஒரு இழைப்பு இழைத்தாள். மூன்றாவது தள்ளலில் இழைப்புளி நின்றது. முகர்ந்து பார்த்தாள். அந்த வாசனை எனக்கும் வந்தது.

"பிசின் பை," என்றாள்.

"எதுல?"

"ரெண்டுலயும்தான். நடுவுல அறுத்தா பாதி அங்க, பாதி இங்க." அவள் விரல் வைத்துக் காட்டினாள். கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல், பாகு நிறத்தில். அடுத்த பலகையில் அதே இடத்தில், அதே நீளத்தில் இன்னொன்று. ஒட்டினால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நான்கு விரல் தள்ளி, கம்பி கட்டுகிற இடத்துக்குக் கீழே, இரண்டு கண் மாதிரி நிற்கும்.

"இத விட்டுட்டு வேற நம்பர எடுக்கலாமே. மத்தத அவன் அனுப்புவான்ல," என்றேன். விவரம் இல்லாத யோசனை. அவன் எங்கே அனுப்புவது.

"இதான் வந்திருக்கு. இதுலதான் செய்யணும்," என்றாள்.

மழையில் அவள் பலகைகளைச் சேர்த்து ஒட்ட மாட்டாள். காற்றின் ஈரத்தை மரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது ஒட்டினால் வெயில் வந்ததும் சுருங்கி நட்டநடுவில் வெடிக்கும். அதற்காகவே பட்டறையில் ஒரு பழைய துணி அலமாரி உண்டு. உள்ளே இரண்டு குண்டு பல்பு எரியும். பலகைகளை அதில் நிற்க வைத்தாள். வெளியே தெருவெல்லாம் தண்ணீர். அலமாரிக் கதவின் இடுக்கில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். தம்பி பொண்டாட்டி தன் ஈரத்துணியை அந்த அலமாரிக்கு எதிரே நாற்காலியில் காயப் போட்டாள். "அதுக்குக் கிட்ட ஈரத்தைக் கொண்டு போகாத" என்று கத்தினாள் அக்கா. பிறகு தானே அந்தத் துணிகளை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விரித்தாள்.

அந்த நாட்களில் தினமும் மத்தியானம் தம்பி பொண்டாட்டி தன் புருஷனுக்குப் போன் போடுவாள். "சாப்பிட்டீங்களா? சாப்... பிட்... டீங்களா? ஆமா, அம்மா நல்லா இருக்காங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். எதிர்முனையில் அவன் குரல் தேய்ந்து கேட்கும். அக்கா அந்த நேரம் பார்த்து எதையாவது தேடிக்கொண்டு போனுக்குப் பக்கத்திலேயே சுற்றுவாள். ஒருநாள் அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அக்கா ஆணி டப்பாவில் கையை விட்டபடி அப்படியே நின்றுவிட்டாள். போன் வைத்த பிறகு, "அப்பா மாதிரியே சிரிக்கிறான் இப்ப" என்றாள். இந்தக் கண்றாவியை நான் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் அக்கா பிசினை எடுக்க உட்கார்ந்தாள். ஊசி மாதிரி மெல்லிய உளியால் தோண்டி, சுரண்டி, துணி முனையில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தாள். துளி பிசின் மிஞ்சினாலும் வெயிலில் உருகி வெளியே வழியும். பிறகு ஒட்டுவதற்குச் சிம்பு வேண்டும். பலகையின் ஓரத்தில் வெட்டி எறிய வேண்டிய மிச்சத்தைச் சன்னலுக்கு நேரே பிடித்து, அந்த இடத்து ரேகைக்கு ஜோடியான ரேகையைத் தேடினாள். ஒரு மணி நேரம் தேடினாள். செதுக்கினாள், வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி செதுக்கினாள். நான் பட்டன் தைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். இறக்கி ஒட்டிக் காய்ந்து இழைத்த பிறகு, எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் செய்த வேலை மாதிரியே இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வாங்கறவங்ககிட்ட சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டேன்.

"விக்கிறதுக்கு இல்ல இது."

இழைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அன்னைக்கு நான் சொன்னது உண்மைதான். இப்பக் கேட்டாலும் உண்மைதான். ஆனா அத நெம்பி எடுக்கிறப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துச்சு. எல்லாரும் அவன் காத மட்டும் புகழ்வாங்க. பாருங்கடா, இவன் செஞ்சத என் கண்ணு பார்த்திடுச்சுன்னு. அதான் தப்பு. அது அவனுக்கும் தெரிஞ்சிடுச்சு, மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுது."

தம்பி பொண்டாட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அவரு உங்களப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசினது இல்ல அண்ணி."

"பேசியிருக்கலாம். பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்."

ஏழாம் நாள் மழை விட்டது. அக்கா இரண்டு பலகையின் ஓரத்தையும் சேர்த்து இழைத்து, சன்னலில் தூக்கிப் பிடித்தாள். நடுவில் வெளிச்சம் ஒரு முடி அளவுக்குக்கூட வரக்கூடாது. நான்கு தடவை வந்தது, நான்கு தடவையும் மறுபடி இழைத்தாள். ஐந்தாவது தடவை இருட்டாக இருந்தது. வஜ்ரப் பசையைச் சுடவைத்துத் தடவி, கயிறு போட்டு ஆப்பு அடித்து இறுக்கினாள். நிறம் மட்டும் ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் வெளுப்பாகவும் இருந்தது. "இது சேருமா?" என்று கேட்டேன். "வெயில்ல வச்சு வச்சு எடுத்தா சேரும். நாலஞ்சு வருஷம் ஆகும்" என்றாள், ஏதோ நாளை மறுநாள் என்கிற மாதிரி.

அடுத்த நாள் காலை வெட்டி, வடிவம் எடுத்து, கொஞ்சம் இழைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டாள். கையைத் துடைத்துத் துடைத்துத் துணியே கிழிந்துவிடும் போலிருந்தது.

"போன் போடு. சத்தமா வை," என்றாள் தம்பி பொண்டாட்டியிடம்.

"என்ன சொல்லப் போறீங்க அண்ணி?"

"தெரியல. போடு."

மணி அடித்தது. அவன் எடுத்தான். "என்னடி, அம்மா வீட்ல இருந்து எப்ப வர்ற?" என்றான்.

அக்கா போனைக் கையில் வாங்கினாள். பதினாலு வருஷம். எப்படி ஆரம்பிப்பாள் என்று நான் ஊசியைக் கூட விரலில் இருந்து எடுக்காமல் நின்றேன்.

"ஏழாம் நம்பர ஒட்டிட்டேன்," என்றாள் கத்தி.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். அது நின்றது.

"எந்த ஏழு?"

"ரெண்டு ஏழும்."

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு, "கட்டிலடியில பத்துதான் இருக்கேன்னு பார்த்தேன்" என்றான்.

"உன் பொண்டாட்டி இங்கதான் இருக்கா. அவளத் திட்டாத. திட்டினா எங்கிட்டதான் பேசணும். பிசின் பை இருந்துச்சு, எடுத்து அடைச்சிட்டேன். இப்பத் தட்டப் போறேன். கேட்டுட்டுச் சொல்லு."

தம்பி பொண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப்பாவி, தெரிந்தே கேட்கிறாயே, மறுபடி கத்தியை எடுக்கிறாயே என்று நினைத்தேன். அக்கா பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு, போனைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, முட்டியால் மூன்று தடவை தட்டினாள். டொக், டொக், டொக். என் தையல்காரிக் காதுக்கே தெரிந்தது, உயிரே இல்லை. அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி.

அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமினான். "ம். நல்லா இருக்கு," என்றான்.

"இன்னும் எடுக்கணுமா?"

"வேணாம். போதும். அப்படியே விடு."

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். பழைய அக்காவாக இருந்தால், "உனக்கு என்னடா கேட்டுச்சு, பொய் சொல்லாத" என்று அந்த நிமிஷமே போட்டு உடைத்திருப்பாள். உதடு ஒரு தடவை அசைந்தது. பலகையைப் பார்த்தாள். அப்படியே விட்டால் அது கிட்டார் ஆகாது, ஸ்டூல் ஆகும். அவளுக்குத் தெரியாததா?

"சரி," என்றாள். "நீ சொன்னா சரிதான். விட்டுடறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டது அதுதான் முதல். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரலில் காட்டிக்கொள்ளவே இல்லை. அந்தப் பக்கமும் அவன் போனை வைக்கவில்லை. அவன் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா."

"சொல்றா."

"நீ தட்டினியா?"

"தட்டினேன்டா," என்றாள் அக்கா. "மூணு தடவை."

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா. எதுவுமே கேக்கல. நீ எப்பத் தட்டுவ, எப்பத் தட்டுவன்னு இருந்தேன்."

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள், அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிற மாதிரி.

"நாலு வருஷமா. அவளுக்கு மட்டும்தான் தெரியும். நீ யாருக்கும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா.

அவன் மூக்கை உறிஞ்சினான். ஏதோ நாற்காலியை இழுக்கிற சத்தம் வந்தது. பிறகு குரல் மாறியிருந்தது.

"கனம் எவ்வளவு வச்சிருக்க?"

"மூணு மில்லி. ஒரு தாள் கனம் கூட இருக்கும்."

"மூணு மில்லியா? அந்த மரத்துக்கு மூணு மில்லி வைப்பாங்களா? அறிவு இருக்கா உனக்கு? நல்லா இருக்குன்னு நான் சொன்னா கேட்டுட்டுப் பேசாம இருப்பியா? ரெண்டேகால் வரைக்கும் இறங்கணும் ஓரத்துல. விரல வச்சு அழுத்திப் பார்த்தாத் தெரியும், அதுக்குக் காது எதுக்கு? நீ ஒண்ணும் பண்ணாத. நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காத."

அக்கா பலகையை மேசையில் வைத்து, கையை எடுத்துவிட்டாள்.